அடியில் ஓடிய மோட்டார்

‘ரீவைண்டிங்’ குழுவின் ஐந்தாவது ஆல்பம் பாதியில் நின்றுபோனதற்குக் கோயம்புத்தூரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குழுவுக்குள் சண்டை என்றார்கள். பாடகிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றார்கள். சரக்கு தீர்ந்துவிட்டது என்று, அவர்களுடைய ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டிராதவர்கள் சொன்னார்கள். உண்மைக் காரணம் ஒரு குறுஞ்செய்தி. பாடகி தாரிணியின் போனுக்கு வந்தது: ‘உங்கள் செவிக் கருவிக்கு ஏழாம் பதிப்பு தயார். மருத்துவரை அணுகவும்.’

தாரிணிக்குப் பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் கேட்காது. நான்கு வயதில் அரசுக் காப்பீட்டில் ஆபரேஷன் செய்து உள்காதுக்குள் மெல்லிய கம்பி ஒன்றை வைத்தார்கள். உள்காது நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் என்று டாக்டர் சொன்னதில், வீட்டில் அந்தக் கருவிக்கே நத்தை என்று பெயர் நிலைத்துவிட்டது. காதுக்கு மேலே, முடிக்குள், காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்ட வில்லை. அது வெளியே கேட்பதை மின்சாரமாக்கி உள்ளேயிருக்கும் கம்பிக்கு அனுப்பும். மூளை அதைச் சத்தம் என்று நம்பப் பழகிக்கொள்ளும். முழுச் சத்தம் வராது. கோலத்துக்குப் புள்ளியை மட்டும் வைத்துவிட்டு, இழையை நீயே போட்டுக்கொள் என்று எழுந்து போய்விடுவதைப் போன்றது. சில வருடங்களுக்கு ஒருமுறை கம்பெனி புதிய பதிப்பு கொடுக்கும். அப்போது புள்ளிகள் கூடும்.

இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு ஒருத்தி ராக் குழுவில் பாடப் போனாள் என்றால், அதைத் துணிச்சல் என்றும் சொல்லலாம், கொழுப்பு என்றும் சொல்லலாம். அவள் அம்மா இரண்டாவதைத்தான் சொன்னாள். கல்லூரி விழாவில் அவள் பாடியபோது சுரம் அங்கங்கே தெருமாறிப் போனது உண்மை. ஆனால் கேட்டவர்கள் யாரும் கேன்டீன் பக்கம் எழுந்து போகவில்லை. அதுவும் உண்மை.

அந்த விழாவில்தான் டிரம்ஸ் வாசிக்கும் ஷாகுலும், பேஸ் கிட்டார் வாசிக்கும் சென்னியப்பனும் அவளுக்குப் பழக்கமானார்கள். ஒரு ராக் கலைஞனுக்குச் சென்னிமலை முருகனின் பெயர் இருப்பது குறித்து நிறையப் பேர் கிண்டல் செய்தாயிற்று. சென்னி அதைப் பொருட்படுத்தியதில்லை. கணபதி பகுதியில் ஆறுச்சாமி என்பவரின் ‘அண்ணமார் மோட்டார் ரீவைண்டிங்’ பட்டறைக்கு மேலே ஒரு தகர ஷெட் காலியாக இருந்தது. கருகிப்போன மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பிச் சுருள் கட்டிக் கொடுக்கும் பட்டறை. அங்கே ஒத்திகை ஆரம்பித்தார்கள். பெயரில் மூவரும் ஒத்துப்போகாததால், கீழே போர்டில் இருந்ததையே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

முதல் ஒத்திகையில் ஒரு சங்கதி நடந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

“ஏன்டா, நீ மட்டும் வாசிக்காம நிக்கறே?” என்று சென்னியைக் கேட்டாள் தாரிணி.

“வாசிச்சுட்டுத்தான இருக்கறேன்?”

“கம்பி ஆடுது. சத்தம் வரல.”

ஷாகுலின் குச்சி அப்படியே நின்றது. கனத்த, தாழ்ந்த சத்தங்களெல்லாம் உள்காதுச் சுருளின் கடைசி மூலையில் கேட்பவை. நத்தையின் கம்பி அவ்வளவு தூரம் போகாது. தாரிணி அதை விளக்கிச் சொல்லிவிட்டு, ஏதோ தப்பு செய்தவளைப் போலச் சிரித்தாள்.

சென்னி கிட்டாரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

“இப்புடி வெச்சுக்கலாம். தாருக்குக் கேக்காதது எதும் நம்ம பாட்டுல இருக்கக் கூடாது.” தாரிணி அவனுக்குத் தாரு.

“உனக்கென்ன கிறுக்கா? அப்புறம் நீ என்னத்த வாசிப்பே?” என்றான் ஷாகுல்.

“கீழ அத்தன இரும்பு கெடக்குதில்ல.”

விளையாட்டாகச் சொன்னதுபோல் இருந்தாலும் அதுவே குழுவின் சட்டமாகிவிட்டது. சென்னி சங்கிலியை இழுத்தான், பைப்பின் மேல் அரம் தேய்த்தான், தாம்பாளத்தில் பேரிங் குண்டுகளை உருட்டினான். பாட்டுகளைப் பதிவு செய்து சேர்க்கும் வேலையும் அவனுடையதே. எல்லாம் முடிந்ததும் தாரிணி ஒருமுறை கேட்பாள். அவள் தலையாட்டினால் பாட்டு வெளியே போகும். மூலையில் பெட்டிக்குள் கிடந்த கிட்டாரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உறுத்தும். ஒருத்தனுடைய வாத்தியத்தைப் பிடுங்கிப் பூட்டி வைத்திருக்கிறோம் என்று நினைப்பாள். கேட்டால் அவன், “கம்முனு வேலையப் பாரு,” என்பான்.

ஆல்பங்கள் வந்தன. முதலாவது ‘கரண்ட் எப்போது வரும்’. அதில் ராகம் அதிகம் கிடையாது. வெட்டு வெட்டாகத் தாளமும் பேச்சும், நடுவே ஓரிரு வரிப் பாட்டும் மட்டும். அடுத்த ‘எவர்சில்வ’ரில் கீச்சும் கிணுகிணுப்புமாகக் கண்ணாடியும் பாத்திரமும் கலகலத்தன. மூன்றாவது ‘காந்திபுரம் இறங்குறவங்க’: ஒரு பஸ் நிறைய ஜனங்கள் சேர்ந்து பாடியது போல, குரலுக்கு மேல் குரல். நான்காவது ‘மெதுவாகச் சொல்’ வந்தபோது எல்லோருக்கும் ஆச்சரியம். தாரிணி அதில் நீண்டு வளைந்து போகும் மெட்டுகளைப் பாடியிருந்தாள். தொழில் நகரத்தின் ஆன்மா உடைந்து மீண்டும் ஒட்டிக்கொள்வதன் நான்கு கட்டங்கள் இவை என்று ஒரு விமர்சகர் எழுதினார். சென்னி அந்தக் கட்டுரையைக் கத்தரித்து மின்விசிறி ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தான். நடந்தது இவ்வளவுதான்: நத்தைக்கு மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று பதிப்புகள் வந்தன. ஒன்றில் உச்சச் சத்தங்கள் தெளிந்தன, ஒன்றில் கூட்டத்துக்குள் குரல்கள் பிரிந்து கேட்டன, ஒன்றில் சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே படிகள் தெரிந்தன. அவளுக்கு எது புதிதாகக் கேட்டதோ அதை வைத்துக் குழு விளையாடியது.

விமர்சகர்கள் கவனிக்காத இன்னொரு கூட்டம் இருந்தது. தமிழ்நாட்டில் நத்தை வைத்துக்கொண்டவர்கள். சாதாரண சினிமாப் பாட்டு அவர்கள் காதில் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டியது போல விழும். ரீவைண்டிங்கின் பாட்டு மட்டும் சிந்தாமல் சிதறாமல் வந்து சேரும். எந்தக் கச்சேரியிலும் முன்வரிசை அவர்களுக்குத்தான்.

காது கேட்பவர்கள் வேறொன்றைப் பற்றி எழுதுவார்கள். பட்டறையில் மோட்டாரைக் கட்டி முடித்ததும் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த முனகல் மேலே பதிவிலும் ஏறிவிடும். ‘கடைசிப் பாட்டில் மோட்டார் அழுகிறது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘உங்கள் மோட்டாருக்கு என் நன்றி’ என்று இன்னொருவர்.

“அது என்னடா மோட்டாரு, ஆளாளுக்கு எழுதறாங்க?” என்று தாரிணி கேட்டாள்.

“ஆறுச்சாமி அண்ணன் ஓட்டறது. நிறுத்தச் சொல்ல முடியுமா, அவரு பொழப்பு. நம்ம சட்டத்துல அதுக்கு மட்டும் விலக்கு,” என்றான் சென்னி.

அவள் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஏழாம் பதிப்பு பற்றிய செய்தி வந்தது. அவளுடைய நத்தையைச் சிறு வயதிலிருந்து பார்த்துவரும் டாக்டர் வைதேகியின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“இந்தத் தடவை அடிச் சத்தம் வரும் தாரிணி. மேளம், லாரி, ஆம்பளைக் குரல், இடி. எல்லாம்.”

“கம்பிதான் அங்க வரைக்கும் போகாதுங்களே மேடம்?”

“கம்பியை நீட்டப் போறதில்ல. கடைசியில இருக்கிற ரெண்டு முனையில கரண்ட்டை எதிரும் புதிருமா விட்டா, அது கம்பியைத் தாண்டி அந்தப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போகும். அங்க ஒரு முனை இருக்குன்னு நரம்பு நம்பிடும்.”

“நரம்பையே ஏமாத்தறீங்க.”

“நாலு வயசுலருந்து அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கோம்,” என்று சிரித்த டாக்டர், பிறகு சிரிப்பை விட்டார். “ஒண்ணு சொல்லிடறேன். முதல் சில வாரம் எல்லாமே இரைச்சலா இருக்கும். மூளை புதுசைப் பழகிட்டா, அப்புறம் பழைய பதிப்பைத் திருப்பிப் போட்டாலும் பழைய மாதிரி கேக்காது. வந்த வழி அடைஞ்சிடும். உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம். இன்னொண்ணு, எல்லாருக்கும் இது கிடைக்காது. பழைய மாடல் கம்பி வெச்சவங்களுக்கு ஏழு ஏறாது.”

தாரிணி காதுக்கு மேலிருந்த வில்லையைத் தடவிக்கொண்டாள்.

“என்ன பயம்?”

“இதுவரைக்கும் நான் பாடுனதுல பாதி எனக்கே கேக்கலைங்க. கேட்டா தெரிஞ்சிருமில்லைங்களா, அது பாட்டா, இல்ல பாவம்னு விட்டுட்டாங்களான்னு.”

யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் அவளை அனுப்பி வைத்தார்.

செய்தி எப்படியோ வெளியே கசிந்தது. போத்தனூரில் தையல் கடை வைத்திருக்கும் ரோசலின், எந்தக் கச்சேரியானாலும் முன்வரிசையில் நிற்பவர், தன் தலையிலும் ஒரு வில்லை வைத்திருப்பவர், நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டார்.

“நெசமா கண்ணு? நீ ஏழுக்குப் போறியா?”

“இன்னும் முடிவு பண்ணலைங்கக்கா.”

“எனக்கு ஏழு ஏறாதுன்னுட்டாங்க. போகாதேன்னு சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்குது? போனா எங்களுக்கு யாரு பாட்டுப் போடுவான்னு மட்டும் ரோசனை பண்ணிக்கோ.” கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாரிணிக்கு அது இன்னும் உறைத்தது.

ஷாகுல் ஒரே போடாகப் போட்டான். “ஆல்பத்த முடிச்சுட்டுப் போ. பாதில காத மாத்துனா பாட்டு ரெண்டு துண்டாப் போயிரும்.”

“நீ சொல்லு சென்னி,” என்றாள் தாரிணி.

சென்னி கையிலிருந்த அரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். “போட்டுக்கோ. கேக்கறதுக்கு ஒரு வழி கெடைக்கும்போது எங்களுக்காக நிக்காதே.” பிறகு முகத்தைப் பார்க்காமல், “ஆனா பழைய ஆல்பத்தையெல்லாம் ஒடனே கேக்காதே,” என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆக, கேட்கக் கூடாத ஏதோ அதில் இருக்கிறது. பாவம் என்றுதான் விட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியமே அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தது. உண்மை எவ்வளவு கசப்பானாலும் அதை விழுங்கிவிட்டு உட்காருவது மேல் என்று நினைப்பவள் அவள்.

டாக்டர் சொன்னது போலவே ஆயிற்று. உலகம் முழுவதையும் யாரோ கம்பளிக்குள் வைத்து உருட்டினார்கள். பஸ்ஸில் ஏறினால் வயிற்றுக்குள் சத்தம் ஓடியது. மாடியில் யாராவது நாற்காலியை நகர்த்தினால் திடுக்கிட்டாள். வாரங்கள் போகப் போக இரைச்சல் பிரிந்தது; ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அதுவரை ‘டக்’ என்று மட்டுமே கேட்ட ஷாகுலின் பெரிய டிரம்மை முதன்முதலாக முழுசாகக் கேட்டபோது, “இத்தன வருசமா இப்புடியாடா இடிச்சுட்டு இருந்தே, சண்டாளா!” என்று கத்தினாள். சென்னியின் குரல்தான் அவளை அசத்தியது. கீச்சுக் குரல்காரன் என்று நினைத்திருந்தாள். அவனோ பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. “இன்னொருக்காப் பேசு, இன்னொருக்காப் பேசு,” என்று அவனைப் பாடாய்ப் படுத்தினாள்.

இதுவரை சந்தோஷம்தான். ஒத்திகைக்கு வந்ததும் வினை தொடங்கியது.

அவளுக்கு இப்போது சுரம் தெரிந்தது. தெரிந்ததால் பயம் வந்தது. ஒவ்வொரு சுரத்தையும் தடவித் தடவி, சரியான இடத்தில் வைத்துப் பாடினாள். எங்கும் தெருமாறவில்லை. பாடி முடித்துத் திரும்பினாள்.

“எப்புடி?” என்றாள்.

“கரெக்ட்டா இருக்குது,” என்றான் ஷாகுல். பொய் சொல்லத் தெரியாதவன். “ரொம்பக் கரெக்ட்டா இருக்குது. வேற யாரோ பாடற மாதிரி இருக்குது.”

மறுபடி பாடினாள். மறுபடியும் வேறு யாரோதான் பாடினார்கள். அந்த வாரம் முழுவதும் அப்படியே. ஐந்தாவது ஆல்பம் நின்றது இங்கேதான்; ஊர் சொன்ன காரணம் எதுவும் இல்லை. புதுக் காது கிடைத்ததில் பாட்டு தொலைந்துவிட்டது என்று அவளுக்குப் பட்டது. பழைய காதும் திரும்பக் கிடைக்காது. வீட்டில் அம்மா கேட்டதற்கு, “தலைவலி,” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டு அழுதாள்.

பழைய தாரிணி அப்படி என்னதான் செய்தாள் என்று பார்த்துவிடுவது என்று ஒரு மத்தியானம் துணிந்தாள். சென்னி கேட்காதே என்று சொன்ன ஆல்பங்களை எடுத்தாள். முதலாவதிலிருந்து ஆரம்பித்தாள்.

தன் குரல் வந்தது. பயந்தபடியேதான் இருந்தது, நினைத்த இடத்தில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டு வெளியே வந்தது. போனை அணைத்துவிட விரல் போனது. அணைக்கவில்லை, ஏனென்றால் அசிங்கமாக இல்லை. தப்பாக இருக்க வேண்டிய இடங்களில் மயிர்க்கூச்செறிந்தது. அந்த இடங்களில் எல்லாவற்றுக்கும் அடியில், சங்கிலிக்கும் டிரம்முக்கும் அடியில், ஏதோ ஒன்று மெதுவாக முனகிக்கொண்டிருந்தது.

ஓ, இதுதான் அந்த மோட்டார்!

‘எவர்சில்வ’ரிலும் அது இருந்தது. ‘காந்திபுர’த்திலும் இருந்தது. ‘மெதுவாகச் சொல்’லின் கடைசிப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் குரல் ஒரு படி சறுக்கிய இடத்தில், முனகலும் ஒரு படி இறங்கியது. அவள் ஏறிய இடத்தில், கொஞ்சம் பொறுத்து, அதுவும் நகர்ந்தது. ஆறுச்சாமி அண்ணன் மோட்டாருக்கு இவ்வளவு சங்கீதம் தெரியுமா என்று ஆச்சரியப்பட்டாள். மோட்டார் எப்படி முனகும் என்று அவளுக்கு முன்பின் தெரியாதே. தெரிந்துகொள்ளலாம் என்று பட்டறைக்குப் போனாள்.

“அண்ணா, மோட்டாரு ஓடறதக் கேக்கோணும்.”

ஆறுச்சாமிக்கு அவள் காது விஷயம் தெரியும். குழந்தைக்கு வேடிக்கை காட்டும் உற்சாகத்தோடு, தரையில் கிடந்த ஒரு கிணற்று மோட்டாருக்கு லைன் கொடுத்தார். அது ம்ம்ம் என்றது. தாரிணி கேட்டுக்கொண்டே நின்றாள். அது ம்ம்ம் என்றே இருந்தது.

“இது சுரம் மாறாதுங்களா?”

“மாறாதே. வேணும்னா பெருசு ஒண்ணு இருக்குது, போடட்டுமா?”

பெருசைப் போட்டார். கிரைண்டர் மோட்டாரைப் போட்டார். கனம் வேறு, சத்தம் வேறு, கரகரப்பு வேறு. ஆனால் முனகல் எல்லாவற்றிலும் அதே ஒரே சுரம். எல்லா மோட்டாரும் குடிப்பது ஒரே துடிப்பில் வரும் கரண்ட்தானே.

தாரிணி மாடியை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடமாக இந்த ஊரில் எல்லோரும் மோட்டார் முனகலுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அதனால் அதை யாரும் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. மோட்டார் பாடாது என்று அவளுக்குத்தான் தெரிய வேண்டியிருந்தது.

மேலே சென்னி தனியாக இல்லை, ஷாகுலும் இருந்தான். தாரிணி நேராக மூலைக்குப் போய் கிட்டார்ப் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். ஒன்பது வருடம் தொடாத வாத்தியத்தில் தூசி இருக்க வேண்டும். கம்பிகள் புதுசாக மின்னின.

“மோட்டாரு நீதானா?”

சென்னி தலையைக் குனிந்துகொண்டான்.

“எந்த மோட்டாரு?” என்றான் ஷாகுல். அவளையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். “டேய்! நான் அது மோட்டாருன்னுதான்டா நெனச்சுட்டு இருக்கறேன்!”

“உன்ற டிரம்முக்கு நடுவுல உனக்கு எதுதான் கேக்கும்?” என்றாள் தாரிணி. “சட்டம் போட்டது யாரு சென்னி? எனக்குக் கேக்காதது பாட்டுல இருக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?”

“நான்தான்.”

“அப்புறம் எனக்குக் கேக்காத எடத்துல உக்காந்துட்டு என்ற பாட்டத் திருத்துனியா?”

“திருத்தல.” முதன்முறையாக அவன் நிமிர்ந்தான். “திருத்தறதுன்னா ஒரு பட்டனு போதும் தாரு. கம்ப்யூட்டருல ஒரு தட்டு தட்டுனா உன்ற குரலு நேரா வந்து நின்னிருக்கும். ஒருக்காக்கூட நான் அதத் தட்டுனதில்ல. நீ கால வெச்ச எடத்த விட்டு உன்னய நகத்தவே இல்ல. நீ வெச்ச எடத்துக்குத் தரைய நகத்துனேன். அவ்வளவுதான்.”

“வெளங்கற மாதிரி சொல்லு.”

சென்னி கிட்டாரை எடுத்து மடியில் வைத்தான். “ஒரு சுரம் பாடு. எங்க வேணும்னாலும்.”

அவள் பாடினாள். அவன் அடியில் ஒரு சுரத்தை வைத்தான். அவள் பாடியது கோணலாகக் கேட்டது. அவள் அதையே பிடித்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் ஒரு படி கீழே இறங்கினான். அவள் சுரம் ஒரு நூல்கூட நகரவில்லை. ஆனால் கோணல் போய்விட்டது. அந்த இடத்துக்கென்றே பிறந்தது போல அவள் குரல் அங்கே நின்றது.

“நீ எங்க போவேன்னு எனக்கு எப்பவும் தெரியாது,” என்றான் சென்னி. “நீ போன பொறவுதான் நான் வருவேன். அதுக்காக ஒவ்வொரு பாட்டையும் நூறு தடவை கேட்டிருப்பேன். பாவம்னு யாரும் நூறு தடவை கேக்க மாட்டாங்க.”

“எதுக்குடா மறைச்சே?”

“சொல்லியிருந்தா ஒவ்வொரு சுரத்துக்கும் என்ற மூஞ்சியப் பாத்திருப்பே. சரியா, தப்பான்னு. இப்ப ஒரு வாரமாப் பாடறயே, அந்த மாதிரி.”

தாரிணிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. “உன்ற வாத்தியத்தப் புடுங்கிட்டேன்னு இத்தன வருசமா நான் வெசனப்பட்டுட்டு இருந்தேன்டா, பாவி!”

“அது தப்புத்தான்,” என்றான் அவன். “அத ஒண்ணயாவது சொல்லியிருக்கோணும்.”

அவள் பட்டென்று இறங்கிப் போய்விட்டாள். ஆறுச்சாமி கொடுத்த டீயைக் குடித்தாள். கோபம் ஆறுகிற மாதிரி இல்லை. ஆனால் உள்ளே இத்தனை வருடமாகக் கனத்துக் கிடந்த ஒன்று காணாமல் போயிருந்தது. பாவம் என்று யாரும் விடவில்லை. ஒருத்தன் பின்னாலேயே வந்திருக்கிறான், அவ்வளவுதான். டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி மாடிக்கு ஏறினாள்.

“இனிமே பெட்டிக்குள்ள வெச்சயின்னா ஒதைப்பேன். கண்ணுக்கு முன்னால நின்னு வாசி,” என்றாள்.

நின்றுபோன பாட்டை எடுத்தார்கள். தாரிணி வழக்கம்போல ஜாக்கிரதையாகத் தொடங்கினாள். சென்னி ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு மாடு போல அசையாமல் நின்றான்.

“ஏன்டா நகர மாட்டேங்கறே?”

“நீ நகரலயே.”

ஷாகுல் சிரித்துவிட்டான். தாரிணி முறைத்தாள். மறுபடி தொடங்கினாள். இரண்டாவது வரியில், எந்த மெட்டும் போகாத ஓர் இடத்தில், வேண்டுமென்றே காலை வைத்தாள். வைத்த நொடியில் பயமாகத்தான் இருந்தது. அடியில் ஒன்றும் இல்லை. அப்புறம் தரை வந்தது. அவள் காதால் கேட்கக் கேட்க வந்தது. இன்னும் தள்ளி வைத்தாள், அங்கேயும் வந்தது. பாட்டின் நடுவில் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை வெட்டாமல் அப்படியே வைத்தார்கள்.

ஆல்பம் முடிந்ததும் தாரிணி அதை எடுத்துக்கொண்டு போத்தனூருக்குப் போனாள். சட்டத்தை அவள் விடவில்லை, அதற்கு அளவான காதைத்தான் மாற்றியிருந்தாள். இனி ரோசலின் கேட்டுத் தலையாட்டினால்தான் பாட்டு வெளியே போகும். அடியில் என்ன இருந்தாலும், அது கேட்காதவர்களுக்கும் பாட்டு முழுசாக நிற்க வேண்டும்.

ரோசலின் தையல் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எதுவும் சிந்தவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கடைசிப் பாட்டில் மட்டும் கண்ணைத் திறந்தார்.

“இந்த எடத்துல ஏன் கண்ணு சிரிச்சே?”

தாரிணிக்கு ஒரு கணம் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாமா என்றிருந்தது. சமாளிக்கவில்லை.

“அங்க அடியில ஒருத்தன் வாசிக்கறானுங்கக்கா. நான் போற எடத்துக்கெல்லாம் பின்னாலயே வர்றான். உங்களுக்கு இப்பக் கேக்காது. மறைக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன். நீங்க வேண்டாம்னா எடுத்தர்றோம்.”

ரோசலின் அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். சிரிப்பு வந்தது, அவரும் கூடவே சிரித்தார்.

“எதுக்கு எடுக்கறது? இருக்கட்டும்,” என்று மிஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எனக்குக் கேக்கறன்னிக்கு நான் கேட்டுக்கறேன்.”